உணவு உட்பட

குக்கர் கம்பெனியிலிருந்து பதிவுத் தபாலில் வந்த கடிதத்தைக் காந்திமதி மூன்று முறை படித்தாள். பம்பாயில் கப்பல் ஏறி, உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றி, நூற்றுமூன்றாம் நாள் மறுபடி பம்பாயிலேயே இறங்கலாம் என்று எழுதியிருந்தது. இரண்டு பேருக்கு டிக்கெட். வழியில் பார்க்கப்போகும் ஊர்களின் பெயர்களை வரிசையாக அச்சடித்திருந்தார்கள். மொத்தம் இருபத்தாறு. அவற்றில் அவளுக்குத் தெரிந்தவை சிங்கப்பூரும் கொழும்பும்தான். அதற்காக அவள் கவலைப்படவும் இல்லை. கடைசிப் பத்தியில், "பயணம் முழுவதும் மூன்று வேளை உணவு உட்பட" என்று ஒரு வரி இருந்தது. மூன்று முறையும் அவள் கண் அங்கேதான் போய் நின்றது.

நூற்றுமூன்று நாள் அடுப்புப் பற்றவைக்க வேண்டாம். அரிசி களைய வேண்டாம். "இன்னிக்கு என்ன குழம்பு வைக்க?" என்று யாரையும் கேட்க வேண்டாம். கேட்டுவிட்டு, "ஏதாவது வை" என்ற பதிலைக் காதில் வாங்கிக்கொள்ளவும் வேண்டாம். மேற்குத் தாம்பரத்து வீட்டின் கூடத்தில் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு அவள் தனியாக உட்கார்ந்து சிரித்தாள். கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்தில் இப்படித் தனியாகச் சிரித்ததாக அவளுக்கு நினைவில்லை.

பரிசு கிடைத்த கதை சின்னது. பக்கத்து வீட்டு ஞானம்மாள் டீச்சர் வாங்கும் வாரப் பத்திரிகையில் ஒரு போட்டி வந்தது. "இந்தக் குக்கர் எனக்குப் பிடித்திருப்பதற்குக் காரணம்" என்று தொடங்கும் வாக்கியத்தைப் பத்துச் சொல்லுக்குள் முடிக்க வேண்டும். ஊரிலிருக்கும் பெண்களெல்லாம் சத்து, சுவை, குடும்ப நலம் என்று எழுதித் தள்ளியிருப்பார்கள். காந்திமதி மட்டும், "அது விசில் அடிக்கும்வரை நான் உட்கார்ந்திருக்கலாம்" என்று உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டாள். கம்பெனிக்காரர்களுக்கு அது பிடித்துப்போனது. முதல் பரிசு என்ன என்பதையே அவள் கவனித்திருக்கவில்லை. மூன்றாம் பரிசான மிக்ஸியைத்தான் மனதில் வைத்திருந்தாள்.

அவள் கணவர் குப்புராஜ் போன வருஷம்தான் ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். மின்சார ரயில் ஓட்டியவர். டிரைவர் என்று சொன்னால் முகம் சுருங்கும், மோட்டார்மேன் என்று சொல்ல வேண்டும். தாம்பரத்திலிருந்து பீச், பீச்சிலிருந்து தாம்பரம். முப்பது வருஷம் ஓட்டிய தூரத்தைக் கூட்டினால் பூமியை முப்பது தடவை சுற்றியிருப்பார், எல்லாம் அந்த இருபத்தொன்பது கிலோமீட்டருக்குள்ளேயே. யூனியனில் கிளைச் செயலாளராகவும் இருந்தார். குடி, புகை, சீட்டு ஒன்றும் கிடையாது. தங்கமான மனுஷர்தான், நாக்கை மட்டும் கட்ட முடியாது. சுத்த சைவம், அதிலும் வீட்டுச் சைவம். பெருங்களத்தூரில் தம்பி மகள் கல்யாணப் பந்தியில் ஒப்புக்குக் கை நனைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து ரசம் சாதம் கேட்டவர்.

கடிதத்தைப் படித்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

"எல்லாம் சரி, அங்க என்னத்தப் போடுவான்?"

"மூணு வேளையும் போடறாங்களாம்."

"போடுவான். எதைப் போடுவான்? அதுல என்ன கிடக்கும்னு யாருக்குத் தெரியும்? நான் வரல. நீ வேணா பேபியைக் கூட்டிட்டுப் போ."

மகள் பேபி கோவிலம்பாக்கத்தில் கைக்குழந்தையோடு இருந்தாள். அவளால் கப்பலேற முடியாது என்று தெரிந்தேதான் சொன்னார். மூன்று நாள் அந்த வீட்டில் பாத்திரங்கள் மட்டும் கொஞ்சம் சத்தமாகப் பேசின. நாலாம் நாள் காலையில் குப்புராஜ் ஒரு சமாதானத் திட்டத்தோடு வந்தார்.

"கரண்ட் குக்கர் ஒண்ணு வாங்கிடுவோம். அரிசி, ரசப்பொடி, பருப்புப்பொடி எடுத்துக்குவோம். ராத்திரிக்கு மட்டும் நம்ம ரூம்லயே கொஞ்சம் சாதம், கொஞ்சம் ரசம். உனக்கென்ன காந்தி, கால் மணி நேர வேலை."

கால் மணி நேர வேலை என்றதும் காந்திமதிக்குச் சுருக்கென்றது. நூற்றுமூன்று கால் மணி நேரம். ஆனாலும் முகத்தைச் சுளிக்காமல், "சரிங்க" என்றாள். அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் இருந்தது.

டிக்கெட்டோடு ஆங்கிலத்தில் ஒரு விதிப் புத்தகம் வந்திருந்தது. குப்புராஜ் அதில் கப்பலின் நீளம், எடை, எஞ்சின் குதிரைசக்தி போட்டிருந்த பக்கத்தை மட்டும் நாலு பேருக்குப் படித்துக் காட்டிவிட்டு மூடிவைத்துவிட்டார். காந்திமதி அப்படி விடவில்லை. ஞானம்மாள் டீச்சரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாலு மத்தியானத்தில் முழுப் புத்தகத்தையும் முடித்தாள். பதினேழாம் பக்கத்தில், சூடேற்றும் மின்சாதனம் எதையும் பயணிகள் அறையில் வைத்துக்கொள்ளக் கூடாது, கொண்டுவந்தால் வாங்கிவைத்து இறங்கும்போது திருப்பித் தரப்படும் என்று இருந்தது.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினாள். "இதை அவர்கிட்ட சொல்லிடு காந்திமதி. பாவம், குக்கரை நம்பிக் கிளம்பறாரு."

"சொல்றேன் டீச்சர்" என்றாள். சொல்லவில்லை.

மார்ச் முதல் வாரத்தில் பயணம். ரயில்வே பாஸ் இருக்கும்போது டாக்ஸி எதற்கு என்று குப்புராஜ் சொல்லிவிட்டதால், உலகம் சுற்றக் கிளம்பியவர்கள் நாலு பெட்டியோடு தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறித்தான் சென்ட்ரலுக்குப் போனார்கள். அன்றைக்கு வண்டி ஓட்டிய தசரதன், குப்புராஜிடம் வேலை கற்றுக்கொண்டவன். பிளாட்பாரத்தை விட்டு நகரும்போது தேவைக்கு மேல் நீளமாக ஹாரன் அடித்து மரியாதை செய்தான். வழியனுப்ப வந்த பேபி அழுதாள். ஞானம்மாள் டீச்சர் மட்டும் போர்வையில் சுற்றிய குக்கரையும் காந்திமதியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பம்பாய்த் துறைமுகத்தில் பெட்டிகள் ஒரு இயந்திரத்துக்குள் போய் வெளியே வந்தன. மூன்று பெட்டியை விட்டுவிட்டார்கள். நாலாவதை ஒரு வெள்ளைச் சட்டை அதிகாரி திறந்து, போர்வையை விலக்கி, குக்கரைக் கையில் எடுத்தார்.

"சார், சார்! ஒன்லி ரைஸ் சார்!" என்றார் குப்புராஜ்.

அதிகாரி சிரித்த முகத்தோடு ஒரு சீட்டை அதன் கைப்பிடியில் கட்டி, இன்னொரு சீட்டைக் குப்புராஜ் கையில் கொடுத்து, குக்கரை உள்ளே அனுப்பிவிட்டார். "அடடா" என்றாள் காந்திமதி. அந்த அடடாவை அவள் தாம்பரத்திலிருந்தே ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தாள். அரிசியும் பொடிகளும் வேலையில்லாமல் பெட்டியிலேயே தங்கின.

அதன்பிறகு காந்திமதிக்கு வந்த நாட்கள் அவள் கனவிலும் கேட்டுப் பெறாதவை. சாப்பாட்டு அறையில் ஜன்னலோர மேசை அவர்களுடையது. முதல் நாள் பணியாள் நாற்காலியைப் பின்னால் இழுத்ததும், அது யாருக்கோ வேண்டுமாக்கும் என்று அவள் விலகி நின்றுவிட்டாள். உட்காரச் சொல்லித்தான் இழுக்கிறான் என்று புரிந்தபோது கூச்சமாக இருந்தது. நாலாம் நாள் கூச்சம் போயிற்று. பத்தாம் நாள் அவன் இழுக்கும்வரை காத்து நிற்கப் பழகிவிட்டாள். முட்டையும் மாமிசமும் இல்லாமல் அவளுக்கென்று தனியாகக் கொண்டுவந்தார்கள். தக்காளி சூப், சீஸ் போட்டு வேகவைத்த உருளைக்கிழங்கு, பேர் தெரியாத கீரை, பழக்கூழ். எல்லாம் ருசியாக இருந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் இதை வேறு யாரோ யோசித்து, யாரோ நறுக்கி, யாரோ வேகவைத்திருக்கிறார்கள் என்ற நினைப்பிலேயே அவளுக்குப் பாதி வயிறு நிறைந்தது. காலையில் கண் விழித்ததும் மாவு பொங்கி வழிந்திருக்குமோ என்று ஓடும் நினைப்பு, மொம்பாசாவைத் தாண்டியதும் வராமல் நின்றுவிட்டது.

பகலெல்லாம் மேல்தளத்தில் சாய்வு நாற்காலியில் கிடந்தாள். கடலைப் பார்த்தாள், தூங்கினாள், மறுபடி கடலைப் பார்த்தாள். கேப்டவுனில் மேசை மாதிரி தட்டையான மலையைப் பார்த்தாள். ரியோவில் இறங்கி மணலில் காலை நனைத்தாள். இவ்வளவு சந்தோஷம் தனக்கு ஆகுமா என்றுகூட ஒருநாள் பயந்தாள்.

குப்புராஜ் மட்டும் இளைத்துக்கொண்டே வந்தார். ரொட்டி, வெண்ணெய், வாழைப்பழம், தயிர். இதைத் தவிர எதையும் தொடவில்லை. பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டாயிற்று. ஒவ்வொரு வேளையும் தட்டைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவார். பதினேழாம் பக்கத்தை நினைத்து அவளுக்குக் குறுகுறுத்தது. பாவமாகவும் இருந்தது. ஆனால் அந்தப் பாவத்துக்காக எழுந்து போய் ரசம் வைக்கும் எண்ணம் மட்டும் ஒரு தடவையும் வரவில்லை.

கப்பல் தென் அமெரிக்காவின் வால் நுனியை நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஒரு குளிர்ந்த காலையில், வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவன் ரொட்டிக் கூடையோடு நேராக அவர்கள் மேசைக்கு வந்தான். நாற்பது வயது இருக்கும்.

"சார், நீங்க மெட்ராஸாமே?"

குப்புராஜுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "தாம்பரம்ப்பா! நீ?"

"அட, நான் பம்மல் சார்! நசீருதீன். கீழ பேக்கரில கீறேன், பதினாலு வர்சமா. ஒரு இந்தியா சாரு வெறும் ரொட்டியாத் துன்னுகினு கீறாருன்னு பசங்க சொன்னானுங்க. யார்ரா அதுன்னு பாக்க வந்தேன். இன்னா சார் நீங்க, ஒரு மாசத்துக்கு மேல ஒரே கப்பல்ல கீறோம், தெரியாமப் பூட்ச்சே!"

அன்றிலிருந்து குப்புராஜுக்கு உயிர் வந்துவிட்டது. நசீருதீனுக்கு ஓய்வு கிடைத்தபோதெல்லாம் இரண்டு பேரும் ஒரு மூலையில் உட்கார்ந்து பம்மல் ஷேர் ஆட்டோவிலிருந்து பல்லாவரம் சந்தைவரை பேசித் தீர்த்தார்கள். பேச்சு எங்கே தொடங்கினாலும் ரசத்தில் போய் முடிந்தது.

அந்தக் கப்பலில் ஒரு பழக்கம் உண்டு. மறுநாள் நிகழ்ச்சிகளை அச்சடித்து, ஒவ்வொரு சாயங்காலமும் அறைக் கதவின் அடியில் தள்ளிவிட்டுப் போவார்கள். காந்திமதிக்கு அதை எழுத்துக்கூட்டிப் படிப்பது பிடிக்கும். ஏப்ரல் பதினொன்றாம் தேதி வந்த தாளில், பெட்டி கட்டி ஒரு விசேஷ அறிவிப்பு இருந்தது. பதினாலாம் தேதி தமிழ் வருஷப் பிறப்பு விருந்து. சமைத்து வழங்குபவர் மெட்ராஸ் தாம்பரத்தைச் சேர்ந்த திருமதி காந்திமதி குப்புராஜ். முன்பதிவு செய்யும் முதல் இருநூறு பேருக்கு மட்டும்.

அவள் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றபோது குப்புராஜ் குரங்குக் குல்லாவோடு உள்ளே வந்தார். முகமெல்லாம் பெருமை.

"பாத்தியா? உன் பேரு அச்சுல வந்திருக்கு! தலைமைச் சமையல்காரரே, ஆறடி ஆளு, 'உங்க மிஸஸ் வந்தா எங்களுக்கு கௌரவம்'னு சொன்னாரு. நசீரு கூட இருந்து எல்லாம் நறுக்கிக் குடுப்பான். நீ சும்மா நின்னு கைப்பக்குவம் காட்டினாப் போதும்."

"யாரைக் கேட்டு என் பேரைக் குடுத்தீங்க?"

"இதுல கேக்கறதுக்கு என்ன இருக்கு? உனக்குச் சந்தோஷமா இருக்கும்னுதான்…"

"நான் மாட்டேன்."

"காந்தி, இருநூறு பேர்…"

"இருநூறு பேர் இல்ல, இந்தக் கப்பலே வந்து நின்னாலும் மாட்டேங்க."

குப்புராஜ் குல்லாவைக் கழற்றினார். இந்தக் குரலை அவர் இதுவரை கேட்டதில்லை. ஆரம்பித்தது ஆரம்பித்தாயிற்று என்று காந்திமதி எல்லாவற்றையும் கொட்டினாள்.

"குக்கரைப் புடுங்கி வச்சுக்குவாங்கன்னு எனக்கு முன்னாடியே தெரியும். புத்தகத்துல பதினேழாம் பக்கத்துல இருந்தது. வேணும்னேதான் உங்ககிட்ட சொல்லல. உங்களைப் பட்டினி போட்டுட்டேன்னு எனக்கும் உறுத்துது. ஆனா அந்த மூணு வேளைக்காகத்தான் நான் இந்தக் கப்பல் ஏறினேன். ஊர் பாக்க இல்ல."

அவர் குல்லாவோடு கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

"வேலைநிறுத்தம் பண்ணீங்களே, பேபி சின்னவளா இருந்தப்ப. எதுக்குப் பண்ணீங்க?"

"அது… பத்து மணி நேரத்துக்கு மேல வண்டி ஓட்டச் சொல்லக்கூடாதுன்னு. ரெஸ்ட்டு முறையாக் குடுக்கணும்னு."

"ரெஸ்ட்டுல இருக்கறப்ப டியூட்டிக்குக் கூப்பிட ஆள் வந்தா என்ன சொல்லுவீங்க?"

"ரெஸ்ட்டுல இருக்கேன், வரமாட்டேன்னு சொல்லுவேன். சொல்லலாம். ரூல் இருக்கு."

"அதேதாங்க. நான் ரெஸ்ட்டுல இருக்கேன். முப்பத்தோரு வருஷம் கழிச்சு வந்த ரெஸ்ட்டு."

கிளைச் செயலாளராக எத்தனையோ அதிகாரிகளின் மேசையைத் தட்டி அவரே பேசிய பேச்சு அது. குல்லாவை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அரை மணி கழித்துத் திரும்பி வந்தார்.

"உன் பேரை எடுக்கச் சொல்லிட்டேன். என் பேரைப் போடச் சொல்லிட்டேன்."

"உங்களுக்கு அடுப்புப் பத்தவைக்கத் தெரியாதே?"

"அங்க சுவிட்சுதான்" என்றார் கொஞ்சம் ரோஷமாக.

வருஷப் பிறப்பன்று காலையில் எழுந்ததும் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு, பெட்டியிலிருந்த பொடிகளோடு கீழே இறங்கினார். அங்கே அவர் தலையிலும் ஒரு நீளத் தொப்பியை மாட்டிவிட்டார்கள். காந்திமதி காபி குடித்துவிட்டு மேல்தளத்துக்குப் போய், போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு சாய்ந்தாள். மணி பத்துக்குள் குப்புராஜ் மூச்சு வாங்க வந்து நின்றார்.

"ரசத்துக்குப் புளி எவ்வளவு?"

"நாலு பேருக்கு ஒரு எலுமிச்சம்பழம் அளவு. அதுக்கு மேல எனக்கும் தெரியாது. பெருக்கிக்குங்க."

கடுகு வெடித்து முகத்தில் தெறித்தது என்று ஒருமுறை வந்தார். பருப்பு அடிபிடித்துவிட்டது என்று ஒருமுறை வந்தார். மூன்றாவது முறை நசீருதீன் வந்தான்.

"அக்கா, சாரு வெங்காயம் உரிச்சிகினே அழுவுறாரு. வெங்காயத்துக்கா, வேற எதுக்கானு தெர்ல."

"வெங்காயத்துக்குத்தான். பாயசம் யாரு?"

"நான்க்கா. ரம்ஜானுக்கு லீவுல இருந்தா நம்ம வூட்ல நான்தான் சேமியா கிண்டுவேன். நூர் பீவி அடுப்பாண்ட வராது அன்னிக்கி."

"நூர் பீவி குடுத்துவச்சவ" என்றாள் காந்திமதி. எழுந்திருக்கவில்லை.

சாயங்காலம் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு சாப்பாட்டு அறைக்குப் போனாள். இருநூறு பேர் காத்திருந்தார்கள். கதவு திறந்து குப்புராஜ் முன்னால் வர, பின்னால் நசீருதீனும் பணியாட்களும் வந்தார்கள். சாதம் கொஞ்சம் குழைந்திருந்தது. உருளைக்கிழங்கு ஒரு பக்கம் கருகியிருந்தது. ரசத்தை என்ன செய்வது என்று தெரியாமல் பாதிப் பேர் சூப்பைப் போல ஸ்பூனால் குடித்தார்கள். ஆனாலும் குப்புராஜ் ஒவ்வொரு மேசையாகப் போய், "ஹேப்பி நியூ இயர், மை வைஃப்ஸ் ரெசிபி" என்று சொல்லிச் சொல்லிப் பரிமாறினார். முடிவில் எல்லோரும் கை தட்டினார்கள். குப்புராஜ் கையைக் கூப்பினார்.

எல்லா மேசையும் முடிந்த பிறகு ஒரு தட்டில் தனக்கும் ரசம் சாதம் போட்டுக்கொண்டு வந்து அவள் எதிரே உட்கார்ந்தார். அவள் தனக்குப் போட்டதைப் பாதி சாப்பிட்டிருந்தாள். அவர் ஒரு வாய் வைத்தார். மென்றார். இரண்டாவது வாய் எடுக்கவில்லை.

"என்னங்க, நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு. எறங்க மாட்டேங்குது. காலைலேர்ந்து அந்த வாசனையிலயே நின்னு நின்னு பசியே செத்துப்போச்சு. இத்தனை நாளா இதுக்குத்தான் அலைஞ்சேன். இப்ப பாரு, தொடப் பிடிக்கல."

"அப்படித்தான் இருக்கும். சமைச்ச கையோட உக்காந்தா சாப்பாடு எறங்காது."

"உனக்குமா?"

"ஆமாங்க."

"எப்பவாவதா?"

"தெனமும்."

குப்புராஜ் அவளையே பார்த்தார். அவள் பரிமாறுவாள், அவர் சாப்பிடுவார், "நீ சாப்பிடல?" என்று கேட்பார், "அப்புறம் சாப்பிடறேன்" என்பாள். அதை அவள் வழக்கம் என்றுதான் அவர் இத்தனை காலம் நினைத்திருந்தார்.

"ஒரு நாள்கூடச் சொல்லலையே காந்தி" என்றார்.

அவளுக்குக் கண் கலங்கியது, மனசு நிறைந்தும் இருந்தது. பணியாளைக் கூப்பிட்டு அவருக்கு ரொட்டியும் வெண்ணெயும் கொண்டுவரச் சொன்னாள். அவருடைய தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். புளி ஒரு பிடி தூக்கல், மிளகு போதாது. நல்ல பசியோடு அதையும் சாப்பிட்டு முடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் ரசம் வேண்டும் என்றாள். குப்புராஜ் எழுந்து போய் எடுத்துவந்து ஊற்றினார்.